மிளகு கடிக்கிற பல்

மலைமேல் பாறைவளவு என்ற ஊரில் மிளகு காய்ந்துவிட்டதா என்று பாப்பாயிதான் சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே கிடக்கும் கரும்பாறையில் மாசி மாதம் முழுக்க இருபது வீட்டு மிளகு பரப்பிக் கிடக்கும். பனி இறங்கத் தொடங்கும் முன் அவள் வருவாள். பரப்பின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அடியில் கையை விட்டு ஒன்று என்று மூன்று மிளகு எடுப்பாள். இடது கடைவாயில் வைத்துக் கடிப்பாள். டக்கென்று தெறித்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம். தெறித்தும் பல்லில் ஒட்டினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அவள் ‘கட்டு’ என்று சொன்ன மூட்டை பூஞ்சை பிடித்து மலையேறித் திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

இளங்கோ அவளுடைய மருமகன். கீழே முள்ளுக்குறிச்சிக்காரன். வேதியியல் படித்தவன். செம்மேட்டில் கம்ப்யூட்டர் மையத்தில் பட்டா, சாதிச் சான்று பதிந்து தரும் வேலை. மனைவி, பாப்பாயியின் மகள் பூங்குழலி, போன ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். மழைக்கு மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. அவளை ஏற்றிப்போன வண்டி முப்பத்தெட்டாவது வளைவில் ஒன்றரை மணி நேரம் நின்றது. அதற்குப் பிறகு வண்டி போவதற்கு அவசரம் இல்லை. காரியம் முடிந்தும் இளங்கோ சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாப்பாயி சாமைச் சோற்றை மூன்று தட்டில் போட்டாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். அப்படியே ஏழு மாதம் ஆகிவிட்டது.

பாப்பாயிக்கு மேல்வரிசையில் எட்டுப் பல் இல்லை. விழவில்லை, பிடுங்கப்பட்டது.

போன வருஷம் தை மாதம் சமவெளியிலிருந்து ஒரு வேன் வந்தது. பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம். பாப்பாயிக்குச் சொத்தை என்று பார்த்தால் கடைவாயில் இரண்டு. பூங்குழலிதான் பேரை எழுதிக்கொடுத்துக் கூட்டிப்போனாள். வரிசையில் நிற்கும்போதே ஒரு பெண் செல்போனில் படம் எடுத்தாள். சிரிங்கம்மா என்றாள், பாப்பாயி சிரித்தாள். உள்ளே போனபிறகு, முன்பல்லும் ஆடுகிறது, இதையும் சேர்த்து எடுத்துவிட்டால் செட் கட்டுவது சுலபம், ஈறு ஆறியதும் ஒரே மாதத்தில் வந்து கட்டித் தருகிறோம் என்றார்கள். அன்று ஒரே காலையில் இருபத்திரண்டு பேருக்குப் பிடுங்கினார்கள். ஒரு வாரம் கழித்து ஈறு பார்க்க வந்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லி இன்னொரு படம். அதோடு சரி. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் பூங்குழலி ஆடி மாதம் வரைக்கும் போன் போட்டாள். மனுவும் எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தவன் இளங்கோ. அவள் போனபின் அந்த மனுக்களின் நகல் அவனுடைய மேஜை இழுப்பறையில் கிடந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

மாசி பிறந்ததும் மாமனார் அண்ணாமலைதான் ஆரம்பித்தார்.

“மாப்ள, உங்க அத்தைக்கு ஒரு பல்லு கட்டிக் கொண்டாந்துருங்க. எந்நேரமும் களியே கிண்டறா. எனக்கு முப்பத்திரண்டும் கெடக்குது, என்ன பிரயோசனம்? மெல்றதுக்கு ஊட்டுல ஒண்ணுமில்லை.”

“மெல்றதுக்கா இல்ல? அதான் காலையிலிருந்து என்னைய மென்னுக்கிட்டு இருக்கீங்கள்ல” என்றாள் பாப்பாயி.

மூன்று பேருமாக முதல் பஸ்ஸில் மலை இறங்கினார்கள். பாப்பாயி மடியில் ஒரு சின்னப் பையில் பாறையில் காயும் மிளகு இருந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வாங்குகிற நசீர் அகமது கடையில் காட்டி விலை கேட்க வேண்டும். முப்பத்தெட்டு என்ற பலகை வருவதற்கு முன்னால் இளங்கோ செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். பாப்பாயி அந்த இடத்தில் கண்டக்டரிடம், “ஏனுங்க, உங்க சம்சாரத்துக்கு ஆச்சுங்களா, பையனா புள்ளையா” என்று சத்தமாக விசாரித்தாள். கண்டக்டர் தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றார்.

பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. டாக்டர் கோகிலவாணிக்கு நாற்பது வயதிருக்கும். பாப்பாயியை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைப் பார்த்துவிட்டு இளங்கோவின் பக்கம் திரும்பினார். மேஜையில் மாவில் வார்த்த பல் மாதிரிகள் மூன்று இருந்தன.

“மூணு வழி இருக்கு சார். ஒண்ணு, கழட்டி மாட்டுற பிளேட். செலவு கம்மி, ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும். ரெண்டாவது பிரிட்ஜ். பக்கத்துல இருக்கற நல்ல பல்லை அரைச்சுச் சின்னதாக்கி, அதுமேல தொப்பி மாதிரி மாட்டி, நடுவுல பொய்ப்பல்லைத் தொங்க விடுவோம். கழட்ட வேண்டியதில்லை. மூணாவது, எலும்புல திருகாணி இறக்கி அதுமேல பல்லு. ஆறு மாசம் ஆகும், செலவு ஜாஸ்தி, ஆனா உறுதி. அவங்களுக்கு எது சரிப்படும்னு நெனைக்கிறீங்க?”

“கம்மியானதே போதுங்க” என்றார் அண்ணாமலை. “அவ என்ன கரும்பா கடிக்கப்போறா?”

“வயசு அம்பதுதானே ஆகுது. பிரிட்ஜ் பார்வையா இருக்கும் சார்” என்றார் டாக்டர், மறுபடியும் இளங்கோவிடம்.

இளங்கோ தலையை ஆட்டினான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகிவிட்டது.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த பாப்பாயி விளக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க டாக்டரம்மா. வாய் என்னுதுங்க. என்னையக் கேளுங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். “சொல்லுங்கம்மா.”

“அந்தத் தொப்பி மாட்டறதுக்கு எந்தப் பல்லை அரைப்பீங்க?”

டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கம், பிடுங்கிய இடத்தை ஒட்டி நிற்கும் ஒன்று. கெட்டியாகக் கடிக்கிற அளவுக்கு மேலும் கீழும் நேருக்கு நேர் சந்திக்கிற பல் அவளுக்கு அந்த ஒன்றுதான் மிச்சம்.

“அதை அரைக்கக் கூடாதுங்க.”

“பயப்படாதீங்க, மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான்…”

“வலிக்குமேன்னு சொல்லலீங்க. அதுலதான் நான் மிளகு கடிக்கிறேன்.”

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணாமலை புரிய வைத்தார். டாக்டர் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை, அசதிதான் இருந்தது. “மிளகெல்லாம் கடிக்கக் கூடாதும்மா. இந்த மூணுல எது போட்டாலும் சரி, கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது.”

“அப்ப பல்லு எதுக்குங்க? போட்டோவுல சிரிக்கவா?”

டாக்டர் மறுபடியும் அவள் வாயைத் திறக்கச் சொல்லி இந்த முறை நேரம் எடுத்துப் பார்த்தார். பல் இல்லாத இடத்தில் ஈறை விரலால் தடவினார்.

“முன்பல்லு ஏன் எடுத்தாங்க?”

“ஆடுதுன்னாங்க.”

“எலும்பு இன்னும் நல்லாத்தானே இருக்கு. ஆடின பல்லு மாதிரித் தெரியலையே.” கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். “முகாம்ல எடுத்ததா?”

“ஆமாங்க. இருபத்திரண்டு பேருக்கு.”

“சில இடத்துல, படிக்கிற பசங்க கை பழகறதுக்கு இத்தனை பல்லுன்னு எண்ணிக்கை வேணும்னு எடுப்பாங்க. எல்லாரும் அப்படி இல்லை” என்றார் டாக்டர் மெதுவாக. “மலைமேல போனா யாரும் கேக்க மாட்டாங்கன்னு.”

பாப்பாயி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, “யோசிச்சுட்டு வாரனுங்க” என்றாள்.

படியில் இறங்கும்போது இளங்கோவுக்குக் காதுக்குள் ஏதோ சூடாக இருந்தது. என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

நசீர் அகமதுவின் கடையில் மிளகு நெடி தும்மலை வரவழைத்தது. மலைமிளகு முப்பது வருஷமாக அவர் கடை வழியாகத்தான் போகிறது. இப்போது ஈரம் பார்க்க ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார். பாப்பாயியைக் கண்டதும் யாரோ போட்டுவிட்டுப் போன மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி நீட்டினார்.

“தங்கச்சி, வா வா. மெஷின் சரிங்குது. எனக்கு மனசு ஒப்பலை. நீ சொல்லு.”

பாப்பாயி மூன்று மிளகைப் பொறுக்கிக் கடித்தாள். மூன்றாவதைக் கடித்துவிட்டு நாக்கால் துழாவினாள். “மேலாப்புல காஞ்சிருக்குதுங்க பாய். அடியில் கெடந்தது ஒட்டுது. இன்னும் ஒரு வெயில் வேணும்.”

“பாத்தியா” என்று மெஷினைப் பார்த்துச் சொன்னார் நசீர். பிறகு, வந்த விஷயத்தைக் கேட்டதும் தன் வாயில் கையை விட்டு மேல்வரிசை முழுவதையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “நாலு வருசமாச்சு. இதுல ஒரு சௌகரியம் உண்டு. ஊட்டுல சண்டை வந்தா கழட்டி வெச்சுட்டு உக்காந்துக்குவேன். நான் திட்டறது சபீராவுக்குப் புரியாது. அவளும் ஓய்ஞ்சிருவா.”

“அதுல மிளகு கடிப்பீங்களா பாய்?”

நசீர் பல்லை மாட்டிக்கொண்டு ஒரு மிளகைக் கடித்தார். தெறித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் தலையை ஆட்டினார்.

“சத்தம் வருது தங்கச்சி. சேதி வரலை. சேதியெல்லாம் வேருல இருந்து வருது. பிளாஸ்டிக்குக்கு ஏது வேரு? உனக்கு இருக்கற அந்த ஒண்ணை விட்டுடாதே. யார் சொன்னாலும்.”

செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வேலியில் புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அண்ணாமலைதான் முதலில் பார்த்தார். “இதென்ன புள்ள, உன்னாட்டம் இருக்குது?” என்றார்.

அவளேதான். இலவசப் பல் சீரமைப்பு முகாம், நாளை காலை, பாறைவளவு பள்ளி என்று போட்டுக் கீழே இரண்டு படம். இடப்பக்கம் பொக்கை வாயைத் திறந்த பாப்பாயி. அதன்மேல் ‘சிகிச்சைக்கு முன்’. வலப்பக்கம் வாய் நிறையப் பல்லோடு சிரிக்கிற பாப்பாயி. அதன்மேல் ‘சிகிச்சைக்குப் பின்’.

வலப்பக்கத்துப் படம் அவள் வரிசையில் நின்றபோது எடுத்தது. அது அவளுடைய சொந்தப் பல். வெற்றிலைக் கறையை மட்டும் கம்ப்யூட்டரில் வெள்ளையடித்திருந்தார்கள்.

பாப்பாயி பார்த்துக்கொண்டு நின்றாள். இளங்கோ கிட்டே போனான். சிரிக்கிற படத்தில் பாப்பாயியின் தோள்மேல் ஒரு கை இருந்தது. கையோடு வெட்டிவிட்டிருந்தார்கள், ஆள் இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல் மூன்று. கட்டைவிரலில் அரிவாள்மனை வெட்டின தழும்பு. அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவன் அவன்தான். பூங்குழலியின் கையைப் பேனரில் தொட்டான். பகல் வெயிலில் கிடந்த ஃப்ளெக்ஸ் இன்னும் சூடாக இருந்தது. செல்போனை எடுத்து இரண்டு படத்தையும் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கு லீவு சொல்லிட்டு வாரேன் அத்தை” என்றான்.

மறுநாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசை நின்றது. மற்ற வளவுகளிலிருந்து நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மிளகு பறிக்கிற நாளைக் கூலியில்லாமல் விட்டுவிட்டு வந்தவர்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் ஆள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். வேனின் பக்கவாட்டில் அதே பேனர் இன்னொன்று.

“படத்தைப் பாருங்க. இந்த ஊர் அம்மாதான். போன மாசம்தான் கட்டி அனுப்பினோம். எப்படிச் சிரிக்கிறாங்க பாருங்க…”

பாப்பாயி வரிசையைத் தாண்டி நடந்து போய்ப் பேனருக்குக் கீழே நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். சும்மா திறந்தபடி நின்றாள்.

வரிசையில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பி நின்றது.

அட்டைக்காரர் மைக்கை அணைத்துவிட்டு வேகமாக வந்தார். “அம்மா, நீங்கதானா இது? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். வாங்க, வேனுக்குள்ள உக்காந்து பேசலாம்.”

“ஒரு வருசத்துக்கு மேலயா தேடுனீங்க? ஊரு ஒண்ணுதானுங்க. ரோடும் ஒண்ணுதான்.”

“தப்பு நடந்துபோச்சும்மா. உங்களுக்குச் சாதாரண செட் வேண்டாம். திருகாணிப் பல்லே போட்டுத் தர்றோம். லட்சக்கணக்குல ஆகும், உங்களுக்கு இலவசம். இன்னைக்கே எக்ஸ்ரே எடுத்துடலாம். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்குவோம்.”

அண்ணாமலை பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். “புள்ள, ஒத்துக்க. நம்மளால ஆகுமா அது? தெரிஞ்சே வுடறதா?”

பாப்பாயி அவரைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆசை இல்லாமலில்லை. இளங்கோ அவள் முகத்தில் அதைப் பார்த்தான். ஒரு வருஷமாக அவள் கல்யாணவீட்டில் பந்தியில் உட்காரவில்லை. பலாச்சுளையைக் கையால் பிய்த்துப் பிய்த்துத் தின்கிறாள். துக்கத்துக்குப் போனாலும் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டுதான் அழுகிறாள். மகள் செத்த அன்றைக்கும் அப்படித்தான் அழுதாள்.

வேனிலிருந்து வெள்ளைக்கோட்டுப் பையன் ஒருவன் இறங்கி வந்து டார்ச் அடித்து அவள் வாயைப் பார்த்தான். “இடதுபக்கம் ஒண்ணு நிக்குது சார். அதை எடுத்துட்டா அந்தப் பக்கம் முழுசா ஒரே செட்டா ஈசியாப் போட்டுடலாம்.”

பாப்பாயி வாயை மூடிக்கொண்டாள். மடிப்பையிலிருந்து ஒரு மிளகை எடுத்து இடது கடைவாயில் போட்டுக் கடித்தாள். அவ்வளவு நிசப்தத்தில் அது தெறித்தது வேலியோரம் வரை கேட்டது.

“உங்க திருகாணி எனக்கு வேண்டாமுங்க” என்றாள். பிறகு வரிசையின் பக்கம் திரும்பினாள். “சாமிகளா, நல்லாப் பாத்துக்கங்க. படத்துல இருக்கறது எங்காத்தா குடுத்த பல்லு. இந்தா நிக்கறது இவிய குடுத்த வாயி.”

“அம்மா வயசானவங்க, ஞாபகமறதி…” என்று அட்டைக்காரர் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். “போன மாசம் நாங்கதான்…”

“சார்” என்றான் இளங்கோ.

ஊரில் அவன் குரலைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. அண்ணாமலையே திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் படத்துல தோள்மேல ஒரு கை இருக்குதுங்க. அது என் சம்சாரத்தோட கை. அவ ஆடியில செத்துட்டா. போன மாசம் கட்டின பல்லைப் பாக்க அவ எப்படி வந்தா, சொல்லுங்க.”

அட்டைக்காரர் பேனரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கையை அவர் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிவிட்டுக்கொண்டார். இளங்கோ பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அந்த ஆளுக்கு ஏதாவது சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

வரிசையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து போகிற வழியில் காறித் துப்பினாள். அடுத்து இரண்டு பேர். பழைய இருபத்திரண்டில் மிச்சம் பேர் அங்கங்கே வீடுகளிலிருந்து வந்து பாப்பாயி பக்கத்தில் நின்றார்கள். யாரும் அடிக்கவில்லை, வேன் கண்ணாடியை உடைக்கவில்லை. வாயை மட்டும் திறந்து காட்டிக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறுமுன் வேன் மலையிறங்கிப் போயிற்று. அவசரத்தில் பேனரை அவிழ்க்கவில்லை, கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இளங்கோ அன்றே மேஜை இழுப்பறையிலிருந்து பழைய மனுவை எடுத்தான். பூங்குழலி சொன்ன வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கீழே இருபத்திரண்டு பேரின் பெயரைச் சேர்த்து, கைநாட்டு வாங்கி, இரண்டு படத்தையும் இணைத்து ஐந்து இடத்துக்கு அனுப்பினான். ஓர் இடத்திலிருந்து பெற்றுக்கொண்டோம் என்று சீட்டு வந்தது. மற்ற நான்கிலிருந்தும் வரவில்லை. வாரம் ஒருமுறை மறுபடியும் அனுப்புகிறான்.

டாக்டர் கோகிலவாணியிடம் பாப்பாயி தனியாகப் போனாள். கழற்றி மாட்டுகிற பிளேட், வலப்பக்கத்தில் மட்டும் கம்பி பிடிக்கிற மாதிரி, இடதுபல்லைத் தொடாமல் வேண்டும் என்றாள். பிடிமானம் கொஞ்சம் குறையும், பேசும்போது நழுவும் என்றார் டாக்டர். “நழுவினா நழுவட்டுமுங்க. புடிச்சு வெக்க நாக்கு இருக்குது” என்றாளாம். அண்ணாமலைக்கு அன்று கோழிக்குழம்பு கிடைத்தது. எலும்பைக் கடித்தபடி, “சிரி பாக்கலாம்” என்றார். அவள் சிரிக்கவில்லை. “உங்களுக்குக் காட்டறதுக்கா கட்டுனேன்” என்றாள்.

பங்குனி பிறந்து கடைசி மிளகு பாறைக்கு வந்தது. விரிக்கப் பாய் போதவில்லை. இளங்கோ அந்தப் பேனரைக் கொண்டுவந்து பாறைமேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தான். படம் மேலே தெரிகிற மாதிரிதான் விரித்தான். ‘சிகிச்சைக்கு முன்’ மேலே மிளகைக் கொட்டிப் பரப்பினான். ‘சிகிச்சைக்குப் பின்’ மேலேயும் பரப்பினான். பல் மறைந்தது, முகம் மறைந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பாப்பாயி வந்தாள். பிளேட்டைக் கழற்றி ஒரு தேங்காய்த் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பாறைமேல் வைத்தாள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துக் கடித்தாள்.

“கட்டு சாமி” என்றாள்.

பிறகுதான் பேனரின் வலப்பக்கத்தைப் பார்த்தாள். தோள்மேல் கை இருந்த இடத்தில் மட்டும் ஒரு மிளகுகூட இல்லை. காற்றுக்கு உருண்டு வந்த இரண்டு மணியை இளங்கோ விரலால் தள்ளி விட்டுக்கொண்டிருந்தான். அவளும் குனிந்து ஒன்றைத் தள்ளினாள்.